புட்டியில் இல்லாத நிறம்

போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்துக்கு என்ன நிறம் என்று கேட்டால் தெருவில் போகிறவர் ‘பச்சை’ என்பார். பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒட்டிப் பழகியவரைக் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்வார். ஹம்ப்ரால் டப்பாவில் இந்த எண், டாமியா புட்டியில் அந்த எண், அமெரிக்க ஃபெடரல் ஸ்டாண்டர்டில் இன்ன எண். அதற்கு மேல் பேச்சில்லை. முன்னவர் தெரியாமல் சொல்கிறார். இரண்டு படம் காட்டினால் திருத்திக்கொள்வார். பின்னவர் தெரிந்துவிட்டதாக நம்பிச் சொல்கிறார். சரியான நிறம் என்று ஒன்றே ஒன்று உண்டு, அது புட்டிக்குள் அடைபட்டு விற்பனைக்கு இருக்கிறது, வாங்கிப் பூசினால் வரலாறு கைக்கு வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு, அது கெடுதலும் செய்கிறது.

யாருக்குக் கெடுதல்? திருநெல்வேலியிலோ அம்பாசமுத்திரத்திலோ இந்த வேலையில் இறங்குகிற இளைஞனுக்கு மாதிரிப் பெட்டி தபாலில் வந்து சேர்ந்துவிடுகிறது. பெயின்ட் வந்து சேருவதுதான் பெரும்பாடு. எனாமலும் லாக்கரும் தீப்பிடிக்கும் சரக்கு. கூரியர்காரர் எல்லா நேரமும் எடுத்துக்கொள்வதில்லை. வந்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. அதனால் அவன் ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் கேம்லின் அக்ரிலிக் வாங்குகிறான், அல்லது கார் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கண்ணளவில் கலக்குகிறான். வேலை நன்றாகவே வருகிறது. ஆனால் பார்க்கிற மூத்தவர் ஒருவர் “இது அந்தக் கம்பெனி கலர் இல்லையே” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார். இளைஞனும் அதை நம்பிவிடுகிறான். தன் கையில் இருப்பது போலி, எங்கோ வெளிநாட்டுக் கடையில் இருப்பதுதான் அசல் என்று மனம் சோர்ந்து போகிறான். இந்தச் சோர்வுக்கு ஆதாரமே கிடையாது என்பதைக் காட்டத்தான் இவ்வளவும்.

முதலில் அந்த எண்களின் வயதைப் பார்க்கலாம். மாதிரி விமானக்காரர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிற ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற அமெரிக்க நிறப் பட்டியல் முதன்முதலில் வெளியானது 1956இல். இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945இல். அதாவது பதினோரு வருடம் கழித்து அச்சான அட்டையில், போர்க்கால நிறத்துக்கு ‘கிட்டத்தட்ட இது பொருந்தும்’ என்று பின்னால் வந்தவர்கள் ஒப்புநோக்கிச் சொன்ன எண்கள் அவை. போர்க்காலத் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்த எவரும் அந்த எண்ணைக் கண்டதில்லை. ஒப்புநோக்கியவர்கள் கையிலும் பெரும்பாலும் இருந்தது பழசாகி மங்கிய தகடு அல்லது கைமாறிக் கைமாறி வந்த அட்டை. புட்டிக் கம்பெனி அந்த எண்ணுக்கு இன்னொரு முறை ஒப்புநோக்கித் தன் பெயின்டைக் கலக்குகிறது. இத்தனை கை மாறி வருவதை ‘அசல்’ என்று எப்படிச் சொல்வது?

ஜெர்மனியின் கதை இன்னும் தெளிவானது. அங்கே வான்படை அமைச்சகமே எண் கொடுத்து நிறங்களை வரையறுத்தது; ஒழுங்குக்குப் பேர் போன நாடு. ஆனால் 1944இல் 81, 82 என்ற புதிய நிறங்களை அறிவித்தபோது, அவற்றுக்கு நிற அட்டை தயாராகவில்லை என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. தொழிற்சாலைகள் அட்டை பார்க்காமலே அடித்தன. எண்பது வருடம் கழித்து அதே 81க்கும் 82க்கும் ‘மிகத் துல்லியம்’ என்ற முத்திரையோடு புட்டி விற்கிறார்கள்; ஒரு கம்பெனியின் 81 இன்னொரு கம்பெனியின் 81 போல இருப்பதில்லை. அட்டையே இல்லாமல் பிறந்த நிறத்துக்குத் துல்லியம் எங்கிருந்து வரும்?

இந்தியாவுக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போர்க்காலத்தில் இந்திய விமானப்படையின் 7ஆம், 8ஆம் ஸ்குவாட்ரன்கள் பர்மா முனையில் ஓட்டியது வல்ட்டி வெஞ்சன்ஸ் என்ற செங்குத்துக் குண்டுவீச்சு விமானம். அமெரிக்காவில் செய்தது, ஆனால் பிரிட்டன் கேட்ட ‘டார்க் எர்த்’, ‘டார்க் கிரீன்’ வகையில் பூசி அனுப்பப்பட்டது. பூசியது அமெரிக்கத் தொழிற்சாலை. பெயின்ட் அமெரிக்கக் கம்பெனிகள் பிரிட்டிஷ் நிறத்துக்கு ஈடாகத் தங்கள் முறையில் கலந்தது. ஆகவே இங்கிலாந்தில் பூசிய மண்ணிறமும் அமெரிக்காவில் பூசிய மண்ணிறமும் ஒரே பெயர் கொண்ட இரண்டு நிறங்கள். ‘டார்க் எர்த்’ என்று எழுதிய புட்டியை இந்திய வெஞ்சன்ஸுக்கு அப்படியே கவிழ்ப்பவர் தான் துல்லியமாக நடந்துகொள்வதாக நினைக்கிறார். உண்மையில் அவர் வேறொரு நாட்டுத் தொழிற்சாலையின் நிறத்தைப் பூசிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் இது புதிதில்லை. ஒரே ஷேடு எண்ணானாலும் இரண்டு பேட்ச் வாளியை ஒரே சுவரில் அடித்தால் நடுவில் கோடு தெரியும் என்று அவர்கள் எல்லா வாளியையும் ஒன்றாய்க் கலந்துகொள்வார்கள். கம்ப்யூட்டர் அளந்து ஊற்றுகிற இந்தக் காலத்திலேயே இந்த நிலை என்றால், மூலப்பொருள் தட்டுப்பாட்டுக்கு நடுவே பல கம்பெனிகள் கலந்து அனுப்பிய போர்க்கால பெயின்ட் எப்படி இருந்திருக்கும்?

இனி ஆலிவ் டிராப். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் முதுகில் பூசிய அந்த மந்தமான பச்சையைப் பற்றித்தான் மாதிரி விமானக்காரர்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். அடிப்படையில் அது மஞ்சள் காவியும் கருப்பும் சேர்ந்தது. ஒரு தட்டில் யெல்லோ ஓக்கரைப் பிதுக்கி, அதில் கருப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினால் கண்ணெதிரே மஞ்சள் பச்சையாகும். முதல் சொட்டில் அழுக்கு மஞ்சள். இரண்டு மூன்று சொட்டில் காய்ந்த புளியிலை. இன்னும் கொஞ்சம் விட்டால் ஆலிவ். பச்சை டியூபைத் தொடவே வேண்டாம். பாளையங்கோட்டையில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் இந்த இரண்டு டியூபும் கிடைக்கும். மினுமினுப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு மேலே கொடுத்தால் போதும். இறக்குமதிப் புட்டிக்கு இது ஒரு மாற்றும் குறைந்ததில்லை.

அடித்த அன்றைக்கு அது அப்படி இருக்கும். பிறகு வெயில் வேலையைத் தொடங்கும். ஆலிவ் டிராப் வெயிலில் பழுப்பாகும், வெளிறும். லிபரேட்டர் என்ற அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை உலோகத் தகடு. ஆனால் அதன் திசைமாற்றித் தட்டுகளும் இறக்கை ஓரத்து அசையும் பாகங்களும் துணி போர்த்தியவை. துணிக்குப் பூசுவது டோப் என்கிற வேறு வகைப் பூச்சு. ஒரே நாளில் ஒரே பெயருள்ள நிறம் அடித்தாலும் சில மாத வெயிலுக்குப் பிறகு உலோகம் ஒரு மாதிரி, துணி ஒரு மாதிரி. போர்க்கால வண்ணப் புகைப்படங்களில் வால்பகுதியின் துணித் தட்டு மட்டும் செம்பழுப்பாகத் தனித்துத் தெரிவதைப் பார்க்கலாம். ஒரு விமானத்திலேயே இரண்டு மூன்று ஆலிவ் டிராப். இதில் எது ‘சரியான’ நிறம்? எல்லாமே. மாதிரி முழுவதற்கும் ஒரே புட்டியை ஒரே சீராக அடிப்பவர்தான் இங்கே தவறு செய்கிறார்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ‘ஃப்ளாக் பெய்ட்’ என்ற மராடர் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பியது. உடம்பெல்லாம் குண்டுச் சிதறல் துளைத்த ஒட்டு. அருங்காட்சியகத்தார் அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கவில்லை. போர்க்காலப் பூச்சை அப்படியே காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்கள். அந்த விமானத்தின் தோலில் ஒட்டுக்கு ஒட்டு சாயல் வேறு. அசல் பெயின்ட் என்பதை யாராவது பார்க்க ஆசைப்பட்டால் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே எண்ணுக்கு அடங்காததாகத்தான் அது இருக்கிறது.

தாமிரபரணியும் கடனாநதியும் கூடுகிற திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள் அடுக்குகளில் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. போர்க் காட்சிகள், குதிரைகள், குதிரை ஏற்றி வந்த மரக்கலம் எல்லாம் அங்கே உண்டு. ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் ‘அந்தக் காலத்தில் எவ்வளவு அடக்கமான வண்ணம்’ என்று வியப்பதுண்டு. அந்த அடக்கத்தில் ஓவியனின் பங்கு பாதி, காலத்தின் பங்கு பாதி. காவி மண்ணும் கரியும் சுண்ணாம்பும் நின்றுபிடிக்கும். மற்றவை போய்விடும், புகையும் தூசியும் மேலே படியும். இன்று கண்ணில் படுவதை வரைந்த அன்றைய நிறம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பிழையோ, மங்கிய விமானத் தகட்டைப் பார்த்து எண் போடுவதும் அவ்வளவு பிழை.

நிறச் சாயலில் இத்தனை கறாராக இருக்கிற இதே ஆட்கள், எந்த விமானம், எந்த வருடம், எந்த ஊர் என்ற கேள்வியில் அலட்சியமாக இருக்கிறார்கள் என்பதுதான் உண்மையான குற்றச்சாட்டு. மண்ணிறம் கொஞ்சம் சிவந்துவிட்டதா என்று மணிக்கணக்காக வாதிடுவார்கள். அதே மாதிரியின் இறக்கையில், 1944 பர்மா விமானம் என்று சொல்லிக்கொண்டு, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த பிரிட்டிஷ் வட்டத்தை ஒட்டிவிடுவார்கள். பெட்டியோடு வந்த ஸ்டிக்கர் அதுதான் என்பது அவர்கள் சமாதானம்.

ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்பு வட்டம். பறக்கும் வேகத்தில் எதிரே வரும் விமானத்தில் சிவப்பு தெரிந்தால் சுடுவதா விடுவதா என்று யோசிக்க நேரம் இருக்காது. தன் படையைத் தானே சுட்டுவிடும் ஆபத்து. 1942 மே மாதத்தில் அமெரிக்கா தன் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டது. இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டத்திலிருந்தும் சிவப்பு போனது. கருநீல வளையம், நடுவில் வெளிர்நீலம் என்று ஆனது. அந்த வெளிர்நீலம் வெள்ளையில் நீலத்தைக் கலந்து உண்டாக்கிய நிறம். வெறும் வெள்ளை தூரத்திலேயே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் அப்படி. கலந்த கைக்குத் தக்கபடி சாயலும் மாறியிருக்கும். இங்கே சாயல் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் குற்றமில்லை. சிவப்பு இருந்தால் குற்றம். ஒரு உயிர் போகிற காரணத்துக்காக அழிக்கப்பட்ட நிறத்தைத் திரும்ப வைப்பது அந்த வரலாற்றையே அழிப்பதாகும்.

கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் சொல்லிவிடலாம் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அன்றைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாக விழும், மஞ்சளும் இருண்டு விழும், நீலம் வெளுத்துப் போகும். பளீர் மஞ்சள் பூசிய பயிற்சி விமானம் அந்தப் படத்தில் கரும்பூதமாக நிற்கும். பான்குரோமேட்டிக் பிலிம் வேறு மாதிரி காட்டும். எந்த பிலிம் என்று தெரியாமல் சாம்பல் சாயலை வைத்து நிறம் குறிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. இப்போது கைபேசிச் செயலி நொடிப் பொழுதில் பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றித் தருகிறது. அது செய்வது யூகம். தாத்தாவின் சட்டைக்கு அது எந்த நிறம் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகட்டும்; விமானத்துக்கு அதைச் சாட்சியாக நிறுத்தக் கூடாது.

‘ஸ்கேல் எஃபெக்ட்’ என்றொரு நம்பிக்கையையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். மாதிரி சிறியது, தூரத்தில் இருப்பது போலத் தோன்ற வேண்டும், தூரத்துப் பொருள் காற்றின் மங்கலால் வெளிறித் தெரியும், ஆகவே எல்லா நிறத்திலும் வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 72இல் ஒரு பங்கு அளவு மாதிரியை 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை ஏறக்குறைய 29 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 29 மீட்டர் என்பது தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள தூரம் கூட இல்லை. நெல்லையப்பர் கோயில் வாசலில் நிற்கிறவருக்கு அந்தத் தூரத்தில் நிற்கிற பச்சைப் பேருந்து வெளிறியா தெரிகிறது? பொதிகை மலை நீலமாகத் தெரிவது காற்றின் வேலை. அது பல மைல். மாதிரி இருட்டாகத் தெரிவதற்கு உண்மைக் காரணம் வெளிச்சம். நேர் வெயிலின் வெளிச்சம் லட்சம் லக்ஸைத் தொடும். வீட்டு ட்யூப்லைட் சில நூறு லக்ஸைத் தாண்டாது. வெயிலில் நின்ற விமானத்தை நிழலில் வைத்துப் பார்க்கிறோம். கொஞ்சம் வெளிறக் கலப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பதை மாதிரி நிற்கப் போகும் அலமாரியின் விளக்கடியில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இத்தனை சதவீதம் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பது வீண் வேலை.

அருங்காட்சியக விமானமே சொல்லிவிடுமே என்று கேட்கலாம். அதற்கு இந்தியாவிலிருந்தே பதில் இருக்கிறது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படையின் லிபரேட்டர்கள் கான்பூரில் கொண்டுவந்து குவிக்கப்பட்டன. அமெரிக்கா இரவலாகக் கொடுத்த விமானங்கள். மறுபடி பறக்கக் கூடாது என்று அவற்றைச் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். சுதந்திர இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட லிபரேட்டர்களைச் சீர் செய்து பறக்க வைத்தார்கள். ஒட்டுப்போட்டுத் தரையிலிருந்து கிளப்பி, கான்பூரிலிருந்து பெங்களூர் வரை ஓட்டி வந்து, முழுப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். 1948இல் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றை ஏற்றது. இந்திய விமானப்படை 1968 வரை லிபரேட்டர் வைத்திருந்தது. இன்று உலகில் முழுதாக மிஞ்சியிருக்கிற லிபரேட்டர்களில் கணிசமானவை இந்தியா காப்பாற்றிக் கொடுத்தவை. தில்லி பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது. இந்தத் தொழிலாளர்களின் கைத்திறனுக்கு மாதிரி விமான உலகம் செலுத்தியிருக்கிற மரியாதை மிகக் குறைவு.

அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒரு விமானம் அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. 1944இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் கீழை நாடுகளில் பறந்து, கான்பூரில் கிடந்து, இந்திய விமானப்படையில் உழைத்த விமானம் அது. அமெரிக்காவில் 1989இல் மறுபடி பறந்தபோது ‘ஆல் அமெரிக்கன்’ என்று பெயர் எழுதினார்கள். 1998இல் ‘தி டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்’ ஆனது. 2005இல் ஆலிவ் டிராப் பூசி ‘விட்ச்கிராஃப்ட்’ ஆனது. மூன்றும் வேறு மூன்று விமானங்களின் வேடம். தான் உண்மையில் பறந்த படையின் நிறத்தை மட்டும் அது அங்கே அணியவில்லை. மறைந்த வீரர்களின் நினைவுக்காகச் செய்தார்கள், அதில் தப்பு காண வேண்டியதில்லை. ஆனால் அந்த விமானத்தைப் படமெடுத்து வந்து ‘அசல் லிபரேட்டரின் அசல் நிறம்’ என்று நிறப் பொருத்தம் பார்க்கிறவர், 2005ஆம் வருடத்துப் பெயின்டைப் போர்க்காலப் பெயின்ட் என்று நம்புகிறார்.

இன்னொரு லிபரேட்டர், கே.என்.751 என்ற எண் கொண்டது. 1974இல் இந்திய விமானப்படை அதை லண்டன் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய விமானம் இது. 1945இல் அது இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவிலிருந்து பறந்தது பிரிட்டிஷ் படையின் 99ஆம் ஸ்குவாட்ரனுக்காக. அந்த ஸ்குவாட்ரனின் முழுப் பெயர் ‘99 மதராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்’. மதராஸ் மாகாணம் போர் நிதிக்குக் கொடுத்த பணத்துக்காக வைத்த பெயர். திருநெல்வேலிச் சீமையும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

மதராஸ் பெயர் தாங்கிய ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் இருந்தது என்பதே மாதிரி விமானம் செய்கிற தமிழ் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. அவர்கள் அலமாரியில் லங்காஸ்டர் நிற்கும், மெம்ஃபிஸ் பெல் நிற்கும். ஐரோப்பாவின் வானத்தை ஐரோப்பாவின் புட்டியால் பூசி வைத்திருப்பார்கள். 99ஆம் ஸ்குவாட்ரனை எடுத்துக்கொண்டால் ஒரே படைக்குள் நிறத்தின் முழுக் கதையும் கிடைக்கும். இங்கிலாந்தில் இருந்தபோது வெல்லிங்டன்: மேலே மண்ணிறமும் பச்சையும், இரவுத் தாக்குதலுக்காக அடிவயிறு கருப்பு, உடம்பு முழுக்கத் துணி. 1942இல் இந்தியாவுக்கு வந்தது. 1944 செப்டம்பரில் லிபரேட்டருக்கு மாறியது. 1945இல் கோகோஸ் தீவு. அந்த நவம்பரில் கலைக்கப்பட்டது. அமெரிக்கா 1944 தொடக்கத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டதால், கடைசி லிபரேட்டர்கள் பூச்சில்லாத அலுமினியமாக வந்தன. ‘போர் விமானம் என்றால் பச்சை’ என்பது இங்கே முற்றாக உடைகிறது.

கடல் மேல் ரோந்து போனவற்றின் சேதி வேறு. 1944இல் 200ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் சென்னைப் பரங்கிமலையில் தளம் அமைத்தன. நீர்மூழ்கி தேடுவது வேலை. பிரிட்டிஷ் கடலோரக் காவல் விமானங்களின் வழக்கம் அடிவயிறும் பக்கங்களும் வெள்ளை. மேகம் படர்ந்த வானத்தின் பின்னணியில், கீழே கடலிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வெள்ளைதான் கடைசியில் தெரியும். கருப்பு வயிறு இரவுக்கு, வெள்ளை வயிறு கடலுக்கு, அலுமினியம் வேகத்துக்கும் செலவுக் குறைப்புக்கும். நிறத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைக் கேட்காமல் எண்ணைக் கேட்பது தலைகீழ்.

அப்படியென்றால் எந்த நிறம் அடித்தாலும் சரியா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. சாயலில் இளக்கம் காட்டலாம், ஏனென்றால் போரே அதில் இளக்கமாக இருந்தது. விமானத்தின் வரிசை எண், அது இருந்த தளம், மாதம், செய்த தொழிற்சாலை, வெயிலில் நின்ற காலம் ஆகியவற்றில் இளக்கம் கூடாது. இவை ஒவ்வொன்றுக்கும் ஆவணம் உண்டு, தேடினால் கிடைக்கும். தேடியவன் கையிலிருக்கும் கேம்லின் டியூப், தேடாதவன் கையிலிருக்கும் இறக்குமதிப் புட்டியைவிட உண்மைக்கு நெருக்கமானது. கலந்த நிறத்தை ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு வெயிலிலும் விளக்கடியிலும் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் பொருந்திய இரண்டு நிறம் முற்றத்துக்கு வந்ததும் பிரிந்துவிடுவது உண்டு.

தென்கோடியில் தேட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் போனால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. அங்கே காற்றாலைகளுக்கு நடுவே போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு என்று தமிழ்நாட்டில் இப்படிப் பல. கயத்தாற்றில் வந்திறங்கியவை எவை, அவற்றின் மேல் என்ன நிறம் என்பதை எந்தப் புட்டியும் சொல்லாது. சொல்லக்கூடியவை வீடுகளில் இருக்கின்றன. ஓடுதளம் போடக் கல் உடைக்கப் போனவர்கள், படையில் கணக்கெழுதப் போனவர்கள், பர்மாவிலும் சிலோனிலும் வேலை பார்த்தவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. அவர்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டிகளில் ஒரு படமோ, சம்பளச் சீட்டோ, விமானத் தகட்டில் அடித்துச் செய்த ஒரு தட்டோ இருக்கக்கூடும். தகட்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்ட் ஒரு விரற்கடை இருந்தாலும் அது பெரிய சாட்சி.

அப்படி ஏதும் வீட்டில் வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்காரனுக்குப் போடும் முன் நிறுத்த வேண்டும். தகட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். துணியில் சுற்றி வெயில் படாமல் வையுங்கள். படமிருந்தால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, யாருடையது, எந்த ஊரில் எடுத்தது என்று தெரிந்ததை எழுதி, உள்ளூர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ அரசு அருங்காட்சியகத்திலோ ஒரு பிரதி கொடுங்கள்.